ஓட்டை பெரிசாச்சா? பெரிய ஸ்க்ரூ வேண்டாம்... மரத்தை வைங்க!

செம்பரம்பாக்கம் ஏரியில் உபரிநீர் திறக்கும்போதெல்லாம் டி.வி. செய்தியில் அதே ஊர்கள் வரிசையாக வரும். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை... 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி திறக்கப்பட்டதை மறக்காதவர்களுக்கு, இந்த வரிசையைக் கேட்டாலே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

எல்லா வருடமும் வெள்ளம் வாசலுக்கு வருவதில்லை. ஆனால், ஈரம் தவறாமல் வந்துவிடுகிறது. வீட்டில் அதை முதலில் சொல்வது கதவுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். கதவு நிலையில் இடிக்கும். மூடியாக வேண்டுமே! தோளால் ஓர் இடி, காலால் ஓர் உதை. அந்த அடி ஒவ்வொன்றும் கீலில் இருக்கும் ஸ்க்ரூக்களில் போய் இறங்குகிறது. மாசி, பங்குனியில் மரம் காய்ந்து சுருங்கும். இப்போது கதவு இடிக்காது. அதற்குப் பதில் தொங்கும். மேல் கீல் அரை விரல்கடை வெளியே வந்திருக்கும். கீழே டைல்ஸில் பிறை வடிவத்தில் ஒரு கீறல் விழுந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகினால் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது.

அடுத்து நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

“அண்ணே, கதவு தொங்குது...”

“ஒண்ணுமில்லம்மா, ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ போட்டுட்டா நின்னுக்கும்.”

நிற்கும். அடுத்த மழைக்காலம் வரை. அதற்கடுத்து இன்னும் ஒரு சைஸ் பெரியது. மூன்றாவது முறை மரம் பிளந்துவிடும். ஒரு கைப்பிடி மரத்துண்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை, புதுக் கதவில் வந்து நிற்கும். வாடகை வீடாக இருந்தால் காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் பணத்தில் கைவைப்பதற்கு அது ஒரு காரணமாகும்.

பணம் மட்டுமல்ல. கட்டையால் நிரப்பிய ஃப்ளஷ் டோர் ஒன்று 30 கிலோ அளவில் கனக்கும். அந்தக் கனம் மேல் கீலை வெளியே இழுக்கிறது. கீழ்க் கீலை உள்ளே தள்ளுகிறது. அதனால்தான் எப்போதும் மேல் கீல் முதலில் லூசாகிறது. அந்தக் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஊஞ்சலாடும் குழந்தை வீட்டில் இருக்கிறதா? பாத்ரூம் கதவைப் பிடித்தபடி படியிறங்கும் பெரியவர் இருக்கிறாரா? அப்படியானால், அந்த லூசான ஸ்க்ரூவை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட முடியாது.

ஸ்க்ரூ எதைப் பிடித்து நிற்கிறது?

மரம் என்பது நெருக்கமாக அடுக்கிய நார்களின் கட்டு. ஸ்க்ரூவின் மரை அந்த நார்களை வெட்டி, இடையே புகுந்து, அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. கதவு ஆட ஆட, மரை அந்த நார்களை நசுக்கித் தூளாக்குகிறது. ஸ்க்ரூவைக் கழற்றும்போது கொட்டுகிற பழுப்பு நிறத் தூள் அதுதான். பிடிப்பதற்கு நாரே இல்லாத இடத்தில் எந்த ஸ்க்ரூ போட்டாலும் அது காற்றைத்தான் பிடிக்கும்.

தடித்த ஸ்க்ரூவில் இன்னும் இரண்டு தொல்லைகள். அதன் தலை, கீலில் இருக்கும் குழிக்குள் முழுதாக உட்காராது. துருத்திக்கொண்டு நிற்கும் தலை, எதிர்த் தகட்டில் முட்டும். கதவு முழுதாக மூடாது. அழுத்தி மூடினால் மறுபடியும் ஸ்க்ரூ பிடுங்கும். இன்னொன்று, கதவின் ஓரம் குறுகலானது. அதில் தடித்த ஸ்க்ரூ ஆப்புப் போல இறங்கி மரத்தைப் பிளக்கும்.

தடிமன் கூடாமல் நீளம் மட்டும் கூடிய ஸ்க்ரூ போடுவது வேறு விஷயம். ஓட்டையின் வாய் மட்டும் கெட்டு, உள்ளே மரம் கெட்டியாக இருந்தால், நீளமான ஸ்க்ரூ அந்த நல்ல மரத்தைப் போய்ப் பிடிக்கும். நிலை கனமான மரமாக இருக்கும் வீடுகளில் இது உதவும். ஆனால், வாய் கெட்டது கெட்டதுதான். கதவு ஆட்டத்தை நிறுத்தாது.

லேத் பட்டறை சொல்லும் பாடம்

இதற்கான விடை திருமுடிவாக்கம்காரர்களுக்குப் புதிதல்ல. சிட்கோ தொழிற்பேட்டையில் லேத்தில் நிற்பவர் வீட்டில் ஒருவராவது இருந்தால் அவரைக் கேட்டுப் பாருங்கள். இரும்பில் ஒரு துளை தேய்ந்து பெரிதாகிவிட்டால் பட்டறையில் என்ன செய்வார்கள்? தடித்த ஷாஃப்ட் தேட மாட்டார்கள். தேய்ந்த துளையை இன்னும் கொஞ்சம் பெரிதாக, நல்ல வட்டமாகக் குடைவார்கள். அதில் ஒரு புஷ்ஷை இறுக்கமாக அடித்து இறக்குவார்கள். அந்தப் புஷ்ஷின் உள்ளே பழைய அளவுக்குத் துளையைக் கொண்டுவருவார்கள். ஷாஃப்ட் அதே ஷாஃப்ட். மாறியது துளையின் சுவர்.

மரத்துக்கும் அதே கணக்குதான். கெட்ட ஓட்டையைச் சரிசெய்ய, முதலில் அதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். நைந்த நாரை எல்லாம் எடுத்துவிட்டு, நல்ல மரம் தெரியும்வரை போக வேண்டும். அந்த இடத்தில் புது மரத்தை வைத்து ஒட்ட வேண்டும். பிறகு, ஓட்டையே இல்லாத மரம் போல நினைத்துப் புதிதாகத் துளையிட வேண்டும்.

வயலின் பழுதுபார்ப்பவர்களும் இதையே செய்கிறார்கள். சுருதி கூட்டக் கூட்ட முறுக்காணியின் துளை தேய்ந்து பெரிதாகும். முறுக்காணி வழுக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் துளையை மரத்தால் அடைத்துவிட்டுப் புதிதாகத் துளைப்பார்கள். ஜப்பானில் பழைய மரக் கோயில்களைப் புதுப்பிக்கும் தச்சர்கள், கெட்ட இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதே ஜாதி மரத்துண்டைப் பதிப்பார்கள். ‘உமேகி’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. தூணை மாற்றுவதில்லை. தூணில் கெட்டதை மாற்றுகிறார்கள்.

முதலில் மூன்று சோதனைகள்

கருவியை எடுக்கும் முன் ஓட்டையைப் பாருங்கள்.

* தூள் எப்படி இருக்கிறது? பழுப்பாகச் சொரசொரவென்று இருந்தால் அது ஸ்க்ரூ அரைத்த மரம். மைதா மாவு போல மெல்லியதாகக் கொட்டினால் மரம் உளுத்திருக்கிறது. மண்ணாக இருந்தால் கரையான். உளுத்த மரத்திலும் கரையான் மரத்திலும் ஓட்டையை அடைப்பது, ஓட்டைக் குடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி. முதலில் மருந்து, பிறகுதான் மரம்.
* தட்டினால் என்ன சத்தம்? ஓட்டையைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் கெட்டி. ‘பொத் பொத்’ என்றால் உள்ளே காலி.
* ஈரம் இருக்கிறதா? மழைக்காலத்தில் உப்பிய கதவைக் கையோடு சரிசெய்யக் கூடாது. ஈரமான மரத்தில் பசை சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும், காய்ந்து சுருங்கும்போது விலகும். இந்த வேலைக்கு நல்ல மாதங்கள் தையும் மாசியும்.

லேசான ஆட்டம் என்றால்...

ஸ்க்ரூ சுற்றுகிறது, ஆனால், கையால் இழுத்தால் வரவில்லை. இது ஆரம்ப நிலை. மரச் சிம்பு போதும்.

கதவுக்கு அடியில் அட்டை அல்லது மரத்துண்டைச் சொருகி, கதவின் பாரத்தைத் தரையில் இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டுமே கழற்ற வேண்டும். மற்ற கீல்கள் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியும் இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொள்வது நல்லது.

ஓட்டையில் உள்ள தூளைச் சுத்தமாகத் தட்டியெடுங்கள். தேக்கு அல்லது நல்ல கட்டை மரத்திலிருந்து மெல்லிய சிம்புகளைச் சீவிக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள்ளும் சிம்புகளிலும் மரப்பசை தடவி, இனி ஒன்றுகூடப் போகாது என்னும் அளவுக்கு இறுக்கமாக அடித்து இறக்குங்கள். வெளியே நீட்டியதை வெட்டிவிடுங்கள். 24 மணி நேரம் அப்படியே விடுங்கள்.

‘தீக்குச்சி சொருகினால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. மரக்குச்சி என்றால், மருந்துள்ள பக்கத்தை வெட்டிவிட்டு அவசரத்துக்கு வைக்கலாம். மெழுகுத் தீக்குச்சி ஆகாது. அது மரமே இல்லை. மெழுகு ஏற்றிய காகிதம். துடைப்பத்தில் உருவிய ஈர்க்குச்சியும் வேண்டாம். அதன் மேல்தோல் வழவழப்பு; பசை ஊறாது.

நன்றாகப் பெரிதாகிவிட்டால்...

ஸ்க்ரூ கையோடு வந்துவிடுகிறதா? இப்போதுதான் லேத் பட்டறைக் கணக்கு.

வீட்டுக் கதவுகளில் அதிகம் பார்க்கும் 8-ம் நம்பர் ஸ்க்ரூ சுமார் 4 மி.மீ. தடிமன். அதற்கு, கெட்ட ஓட்டையை 10 மி.மீ. பிட் வைத்து நேராக, ஸ்க்ரூவின் நீளத்துக்கு ஆழமாகத் துளையுங்கள். டிரில் பிட் மீது அந்த ஆழத்தில் ஒரு டேப் சுற்றிவிட்டால் அளவு தவறாது. துளைக்கும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஹார்டுவேர் கடைகளில் மரமுளைகள் ‘டவல்’ என்ற பெயரில் 8, 10 மி.மீ. கனத்தில் கிடைக்கின்றன. பசை தடவி அடித்து இறக்குங்கள். முளை லேசாகத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். கையால் தள்ளியதும் போய்விட்டால் அது லூஸ். வெள்ளைப் பசை, மரமும் மரமும் ஒட்டி நிற்கும் இடத்தில் பிரமாதமாகப் பிடிக்கும். இடைவெளியை நிரப்பிப் பலம் கொடுக்க அதற்குத் தெரியாது.

ஒரு நாள் காய்ந்ததும், நீட்டியதை உளியால் சமமாகச் சீவுங்கள். கீலை அதன் இடத்தில் வைத்து, ஒவ்வொரு துளையின் நடுவிலும் ஆணி முனையால் புள்ளி வையுங்கள். அங்கே 2.5 முதல் 3 மி.மீ. பிட்டில் சிறிய துளை. தேக்கு போன்ற கெட்டி மரத்துக்கு 3. இளகிய மரத்துக்கு 2.5. இந்தச் சின்னத் துளை இல்லாமல் ஸ்க்ரூவைச் சுத்தியலால் பாதி அடித்து, மீதியைத் திருகும் பழக்கம் பலருக்கு உண்டு. நார் நைவது அங்கேதான் ஆரம்பம்.

ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். பித்தளை ஸ்க்ரூ போடுவதாக இருந்தால், அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை இறக்கிக் கழற்றிவிட்டுப் பிறகு போடுங்கள். நேராகப் போட்டால் பித்தளை பாதியில் முறியும்.

விளக்குமாறு கணக்கு

தச்சர்கள் ‘ரேகை’ என்று சொல்வது மரத்தின் நார் ஓடும் திசையை. முளை அடிப்பதில் பலரும் கவனிக்காத விஷயம் இதுதான்.

ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பக்கத்தில் ஒரு குச்சியைச் சொருகினால் எளிதாகப் போகும், எளிதாக வரும். அதே குச்சியைப் பக்கவாட்டில், கட்டுக்குக் குறுக்கே சொருகினால்? ஈர்க்குகள் நாலாபுறமும் நெருக்கிப் பிடிக்கும். மரமும் அப்படியே. நாருக்குக் குறுக்கே இறங்கும் ஸ்க்ரூதான் கெட்டியாக நிற்கும். நாரின் போக்கிலேயே இறங்கும் ஸ்க்ரூவுக்குப் பிடிப்பு குறைவு.

கதவின் ஓரத்தில் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. ஸ்க்ரூ அதற்குக் குறுக்கே போகிறது, நல்லது. ஆனால், நாம் அடித்த உருண்டை முளையில் நார், முளையின் நீளத்திலேயே ஓடும். அதில் ஸ்க்ரூ போட்டால் விளக்குமாற்றின் அடியில் குச்சி சொருகிய கதைதான். படுக்கையறைக் கதவு, அலமாரிக் கதவுக்கு இது தாராளமாகப் போதும். கனமான வாசல் கதவின் மேல் கீலுக்குப் போதாது.

அங்கே சதுரத் துண்டு பதிக்க வேண்டும். அதன் ரேகை, கதவின் ரேகையோடு சேர்ந்து மேலிருந்து கீழாக ஓட வேண்டும். ஆழம், ஸ்க்ரூ நீளத்தில் பாதிக்கு மேலாவது இருக்க வேண்டும். ஓரம் பெயர்ந்து ஓட்டையின் ஒரு பக்கச் சுவரே இல்லாத கதவுக்கும் இதுதான் வைத்தியம்.

இதில் வரிசை முக்கியம். துண்டை முதலில் அறுக்க வேண்டும். அதைக் கதவின் மேல் வைத்துச் சுற்றிலும் கத்தி முனையால் கோடு போட வேண்டும். பிறகு கோட்டுக்கு உள்பக்கமாக உளியால் குழி வெட்ட வேண்டும். குழியை வெட்டிவிட்டு அதற்கேற்ற துண்டைத் தேடினால் நிச்சயம் இடுக்கு விழும். உளி பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இதைத் தச்சரிடம் விட்டுவிடலாம். ஆனால், “பெரிய ஸ்க்ரூ வேண்டாம்ணே, ரேகை பார்த்துத் துண்டு வெச்சு அடைச்சுக் கொடுங்க” என்று கேட்க வேண்டியது நீங்கள்தான். அப்படிக் கேட்கும் வீட்டில் வேலையும் கவனமாக நடக்கும்.

கிச்சன் கப்போர்டு தனிக்கதை

மாடுலர் கிச்சன்களில் பல, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. அதில் நாரும் இல்லை, ரேகையும் இல்லை. கீல் பிய்ந்துகொண்டு வந்தால் ஒரு கவளம் போர்டும் கூடவே வரும்.

இங்கே மூன்று வழிகள். ஒன்று, கீலை இரண்டு அங்குலம் மேலோ கீழோ நல்ல இடத்துக்கு மாற்றுவது. கதவுப் பலகையில் கீல் உட்காரும் 35 மி.மீ. வட்டக் குழியையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். இரண்டு, கீல் பிய்ந்த இடத்தின் மேல் அகலமான ஸ்டீல் தகட்டை வைத்து, சுற்றியுள்ள கெட்டியான இடங்களில் ஸ்க்ரூ செய்து, தகட்டில் கீலைப் பொருத்துவது. மூன்று, ஓட்டையைச் சுத்தம் செய்து, இரண்டு பொருள்களைக் கலந்து செய்யும் எபாக்ஸி பசையோடு மரமுளையைப் பதிப்பது. எபாக்ஸி இடைவெளியையும் நிரப்பும், ஈரத்தையும் தாங்கும். பாத்ரூம் கதவுக்கும் அதுவே ஏற்றது.

தண்ணீரில் ஊறி உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டுக்கு வைத்தியமே கிடையாது. அந்தப் பலகையை மாற்றுவதுதான் மிச்சம். அடுப்புக்கு மேலே தொங்கும் கப்போர்டு என்றால் யோசிக்கவே வேண்டாம். உள்ளிருக்கும் பாத்திரங்களை முதலில் இறக்கிவிடுங்கள்.

இதெல்லாம் வேண்டாமே!

* மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது: பார்க்க அழகாக மூடும். பாலிஷ் போட்டால் தெரியாது. ஆனால், அதில் நார் இல்லை. ஸ்க்ரூ போடும் இடத்துக்கு அது ஆகாது. இனி ஸ்க்ரூவே வராத ஓட்டைக்கு மட்டும் சரி.
* பழைய பசைமேல் புதுப் பசை: முன்பு யாரோ அடைத்த பசை உள்ளே காய்ந்திருந்தால், அதன்மேல் புதுப் பசை பிடிக்காது. பச்சை மரம் தெரியும்வரை சுரண்டுங்கள்.
* சைக்கிள் டியூப், பிளாஸ்டிக் ஒயர் தோல்: ஓட்டையில் சொருகினால் அன்றைக்கு இறுகியது போலத் தெரியும். அழுந்தும் பொருள் பாரத்தைத் தாங்காது.
* சுவரில் அடிக்கும் ராவல் பிளக்கை மரத்தில் அடிப்பது: செங்கல் விரியாது, அதனால் பிளக் இறுகும். மரம் விரியும், கதவின் ஓரத்தில் பிளந்தேவிடும்.

ஒரு காகிதச் சோதனை

வேலை முடிந்ததும் கதவை மூடி, நிலைக்கும் கதவுக்கும் நடுவே மடித்த காகிதத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போனால் கதவு நேராகத் தொங்குகிறது. ஓரிடத்தில் சிக்கினால், கீலின் பேரில் பழி போடாமல் அந்த இடத்தை மட்டும் இழைத்துவிடுங்கள். இழைத்த இடத்தில் மறக்காமல் பெயின்ட் அல்லது வார்னிஷ் பூசுங்கள். கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பல வீடுகளில் பூச்சே காணாமல் பச்சை மரமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெயின்டர் விட்டிருப்பார். ஈரம் உள்ளே புகுவது அந்த வழியில்தான்.

புரட்டாசி முடிவதற்குள் அந்த இரண்டு விளிம்புகளையும் பூசி வைத்துவிட்டால், கதவு உப்புவது குறையும். உப்பாத கதவுக்குத் தோள் இடி தேவையில்லை. இடி விழாத ஸ்க்ரூ, தன் ஓட்டையைத் தானே பெரிதாக்காது. செம்பரம்பாக்கம் திறக்கும் நாளை நாம் முடிவு செய்ய முடியாது. கதவு விளிம்புக்கு ஒரு கோட் பெயின்ட் அடிப்பது நம் கையில் இருக்கிறது.